பெருநாடிக் கிழிவும் பாரிசவாதமும்

நோய்களுக்குப் பெயரிடத் தொடங்கிய காலத்தில் மனிதர் தம் கண்ணுக்குத் தென்பட்டதையே பெயராக்கினர். உடலின் ஒரு பக்கம் திடீரெனச் செயலிழந்து, வாய் கோணி, பேச்சுக் குழறும் நிலையைத் தமிழர் பாரிசவாதம் என்றனர். பாரிசம் என்பது பக்கம். பண்டைக் கிரேக்கர் திடீரென வீழ்ந்து உணர்விழக்கும் நிலையை அப்பொப்ளெக்சியா என வழங்கினர்; அடித்து வீழ்த்தப்படுதல் என்பது அதன் பொருள். ஆங்கிலேயர் பிற்காலத்தில் அடி எனப் பொருள்படும் ஸ்ட்ரோக் என்னுஞ் சொல்லைக் கையாண்டனர். இப்பெயர்கள் யாவும் நோயாளி எவ்வாறு வீழ்ந்தார் என்பதைச் சொல்லுகின்றன. அவரை வீழ்த்தியது எது என்பதைச் சொல்லவில்லை.

இக்குறை நெடுங்காலம் பெருந்தீங்கை விளைக்கவில்லை. நோயின் காரணத்தை அறிந்தாலும் அறியாவிட்டாலும் அதனைத் தடுத்து நிறுத்தும் வலிய மருந்து எதுவும் வைத்தியர் கையில் இருக்கவில்லை. ஆகவே பெயர் பிழைத்தாலும் நோயாளியின் கதி மாறவில்லை. 1995ஆம் ஆண்டுக்குப் பின்னர் இந்நிலை மாறியது. பாரிசவாதத்தின் பெரும்பாலான வகைக்கு உயிரும் வலுவும் தரக்கூடிய ஒரு மருந்து கிடைத்தது. ஆனால் அதே தோற்றத்துடன் வரும் வேறொரு நோய்க்கு அம்மருந்து கொடுக்கப்படின் அது கூற்றுவனாக மாறக்கூடும். அந்த வேறொரு நோயே பெருநாடிக் கிழிவு. அதனை வைத்தியர் உலகம் அறிந்துகொண்ட வரலாறு 250 ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

இருதயத்தின் இடப்பக்கத்திலிருந்து புறப்பட்டு, மேல்நோக்கி எழுந்து, வில்லைப் போல வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்கும் பெருங்குழாயே பெருநாடி. அதன் சுவர் மூன்று படைகளால் ஆனது. உட்படை மெல்லியது; நடுப்படை மீள்சக்தியுள்ள நார்களால் அமைந்தது; வெளிப்படை ஓர் உறைபோல அவற்றைக் காத்து நிற்பது. பல்லாண்டுகளாக நீடித்த உயர்ந்த குருதியமுக்கத்தாலோ, பிறப்பிலேயே வாய்த்த இழையக் குறையினாலோ நடுப்படை நலிவுறுமாயின், ஒருநாள் உட்படையில் வெடிப்பு உண்டாகலாம். இருதயத்தின் ஒவ்வொரு துடிப்பும் அவ்வெடிப்பின் வழியே குருதியைத் தள்ளும். அப்பொழுது சுவடியின் ஏடுகள் பிரிவதுபோல நடுப்படை நெடுகப் பிளந்துகொண்டே செல்லும். ஒரு குழாய்க்குள் இரு வழிகள் உண்டாகிவிடும்: ஒன்று மெய்வழி, மற்றையது பொய்வழி. பொய்வழி குருதியால் உப்பும்போது மெய்வழி நெருக்குண்டு சுருங்கும்.

பெருநாடியின் வளைவிலிருந்து மூன்று கிளைகள் மேலெழுகின்றன. முதலாவது கிளை இரண்டாகப் பிரிந்து, வலக்கைக்கும் கழுத்தின் வலப்புற நாடிக்கும் குருதியைக் கொண்டு செல்லும். இரண்டாவது கழுத்தின் இடப்புற நாடி. மூன்றாவது இடக்கைக்குச் செல்வது. இருதயத்தருகே தொடங்கிய கிழிவு முன்னேறும்போது அது முதலில் எதிர்ப்படுவது முதற் கிளையையே. கழுத்தின் வலப்புற நாடி நெருக்குண்டால் மூளையின் வலப்பாதி குருதியின்றி வாடும். அதனால் உடலின் இடப்பக்கம் செயலிழக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அது பாரிசவாதமே. மூளைக்கும் அது பாரிசவாதமே. ஆனால் நோயின் வேர் மூளையில் இல்லை, நெஞ்சறைக்குள் இருக்கிறது.

வீழ்ந்த நோயாளியின் உடலுக்குள்ளே காரணத்தைத் தேடும் முயற்சி பதினேழாம் நூற்றாண்டிலே வலுப்பெற்றது. சுவிற்சர்லாந்திலுள்ள ஷாஃப்ஹவுசன் நகரத்து வைத்தியரான யோகான் யாக்கோப் வெப்ஃபர், அவ்வாறு வீழ்ந்து மாண்டவர்களின் தலையைத் திறந்து ஆராய்ந்தார். மூளைக்குள்ளே குருதி கசிந்து தேங்கியிருப்பதைக் கண்டு 1658இல் ஒரு நூல் வெளியிட்டார். கழுத்து வழியாக மூளைக்குச் செல்லும் நாடிகள் அடைபட்டாலும் இதே கேடு நேரலாம் என்ற கருத்தும் அவர் ஆராய்ச்சியில் இடம்பெற்றது. அன்று முதல் வைத்தியர்களின் கண் மூளையின்மீது பதிந்தது. அது பெரும் முன்னேற்றமே. எனினும், மூளைக்குக் குருதி வரும் வழியிற் பிழை கழுத்துக்குக் கீழேயும் இருக்கலாம் என்ற எண்ணம் இன்னும் பிறக்கவில்லை.

அவ்வெண்ணத்துக்கு வித்திட்டது ஓர் அரசனின் மரணம். 1760ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி காலை, இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜோர்ஜ் இலண்டன் கென்சிங்டன் மாளிகையில் வழக்கம்போல் துயிலெழுந்து, கொக்கோப் பானம் அருந்தி, தனி அறைக்குட் சென்றார். சிறிது நேரத்தில் யாரோ வீழ்ந்த ஓசை கேட்டுப் பணியாள் உள்ளே ஓடினான். மன்னர் தரையிற் கிடந்தார். அக்கால வழக்கப்படி குருதி வடித்துப் பார்த்தனர், பயனில்லை. அவருக்கு அப்பொழுது வயது 76.

மறுநாள் அரச வைத்தியரான பிராங்க் நிக்கல்ஸ் உடலைத் திறந்து பார்வையிட்டார். இருதயத்தைச் சூழ்ந்த பை உறைந்த குருதியால் நிரம்பியிருந்தது. அக்குருதியின் அழுத்தத்தால் இருதயம் இயங்க இடமின்றி நின்றுபோயிருந்தது. பெருநாடியை ஆராய்ந்தபோது அதன் உட்புறத்தில் ஏறக்குறைய 1½ அங்குல நீளமான குறுக்குப் பிளவு ஒன்று காணப்பட்டது. அதன் வழியே குருதி புகுந்து வெளிப்படைக்கு அடியிலே பரவியிருந்தது. நிக்கல்ஸ் தாம் கண்டதை எழுதி அரச கழகத்துக்கு அனுப்பினார். அது கழகத்தின் சஞ்சிகையில் அச்சேறியது. பெருநாடிக் கிழிவைத் தெளிவாக வருணித்த முதல் அறிக்கைகளுள் அது தலையாயது என வைத்திய வரலாற்றாசிரியர் கருதுவர். உடல் திறக்கப்படாதிருப்பின், அம்மரணமும் அக்காலத்துத் திடீர் மரணங்கள் பலவற்றோடு ஒரு பொதுப் பெயருக்குள் அடங்கியிருக்கும்.

அடுத்த ஆண்டே, அதாவது 1761இல், இத்தாலியின் பாதுவா நகரப் பேராசிரியர் மொர்காக்னி தமது பெருநூலை வெளியிட்டார். அவருக்கு அப்பொழுது வயது 79. நோய்களின் இருப்பிடங்களையும் காரணங்களையும் உடற்கூற்றின் வாயிலாக ஆராயும் அந்நூல் வைத்தியருக்கு ஒரு புதிய வினாவைக் கற்பித்தது. நோயாளிக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பதோடு நில்லாது, எவ்வுறுப்பில் நேர்ந்தது என்றும் கேட்கவேண்டும் என்பதே அவ்வினா. இற்றை நாள் வைத்தியசாலைகளிலும் நோய் நிதானத்தின் அடிப்படை அதுவே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நோய்க்குத் தனிப்பெயர் கிடைத்தது. ஜெனீவா நகரத்து மோனுவார் 1802இல், குருதி நாடிச் சுவரின் படைகளைப் பிரித்துக்கொண்டு செல்வதை விளக்கினார். நெஞ்சொலி கேட்குங் கருவியைக் கண்டுபிடித்த பிரான்சிய வைத்தியர் லெயினெக், 1819இல் வெளியிட்ட நூலில், சுவரைப் பிளந்து செல்லும் வீக்கம் எனப் பொருள்படும் பெயரை இதற்குச் சூட்டினார். டப்ளின் நகரத்து ஷெக்கில்டன் 1822இல் வியப்பான ஒன்றைக் கண்டார். கிழிவின் பொய்வழி கீழே மீண்டும் மெய்வழிக்குட் திறந்திருந்தது. அதனால் பெருநாடி இரட்டைக் குழாய்போல் அமைந்து, நோயாளி சில காலம் வாழ்ந்திருக்க இடமளித்தது. இலண்டன் வைத்தியரான தொமஸ் பீகொக் 1843இல் இறந்தோரின் பெருநாடியிலே நீரைச் செலுத்திப் படைகள் பிரியும் விதத்தைப் பரிசோதனையாற் காட்டினார்.

அதற்கு அடுத்த ஆண்டு நிகழ்ந்த ஒன்று இவ்வரலாற்றில் திருப்புமுனை எனத்தக்கது. இலண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த றொபேட் பென்ட்லி ரொட், 1844இல் ஒரு நோயாளியின் வரலாற்றை வெளியிட்டார். கட்டுரையின் நீண்ட தலைப்பே செய்தி முழுவதையும் உரைத்தது. பெருநாடி, அதன் முதற் கிளை, கழுத்தின் வலப்புற நாடி ஆகிய மூன்றிலும் கிழிவு பரவியிருந்தது. அதன் விளைவாகச் சிறுநீர் அற்றுப்போயிற்று. மூளை வெண்ணிறமாகி இளகியது. ரொட் நரம்பு நோய்களில் வல்லவர். வலிப்பின் பின்னர் தோன்றும் தற்காலிகச் செயலிழப்பு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. மூளையை மட்டும் பார்த்து நின்றிருந்தால் அவரும் மூளை இளகல் என்று எழுதி முடித்திருப்பார். அவர் குருதி வந்த வழியைப் பின்தொடர்ந்து கழுத்துக்கும், கழுத்திலிருந்து நெஞ்சுக்கும் சென்றார். மூளையின் கேடும் சிறுநீரகத்தின் கேடும் ஒரே குழாயின் கிழிவிலிருந்து வந்தன என்பது அப்பொழுது புலனாயிற்று.

ஆயினும் இவையெல்லாம் மரணத்தின் பின் பெற்ற அறிவு. உயிரோடிருக்கும் நோயாளியிடம் இந்நோயைக் கண்டறிந்த முதல் நிகழ்ச்சியாக, சுவெயின், லேதம் ஆகிய இரு ஆங்கில வைத்தியர் 1850களின் நடுப்பகுதியில் வெளியிட்ட அறிக்கையைக் கூறுவர். அதன்பின் எண்பது ஆண்டுகள் கழிந்தும் நிலைமை பெரிதும் மாறவில்லை. ஸ்கொத்லாந்தின் அபடீன் நகரப் பேராசிரியர் தியடோர் ஷெனன் 1934இல் ஏறக்குறைய 300 நோயாளரின் வரலாறுகளைத் திரட்டி வெளியிட்டார். அவற்றுள் உயிரோடிருக்கும்போதே சரியாக நிதானிக்கப்பட்டவை மிகச் சிலவே. பெரும்பாலும் பிரேத பரிசோதனை மேசையே உண்மையைச் சொல்லும் இடமாக இருந்தது.

ரொட் எழுதிய கட்டுரைக்குச் சரியாக ஒரு நூற்றாண்டின் பின், 1944இல், வைஸ்மன், அடம்ஸ் என்னும் இரு அமெரிக்க அறிஞர் பெருநாடிக் கிழிவினால் நரம்புத் தொகுதிக்கு நேரும் கேடுகளை மட்டும் தனியாக ஆராய்ந்து எழுதினர். மூளை, முண்ணாண், கைகால்களின் நரம்புகள் ஆகிய மூன்றும் பாதிக்கப்படலாம் என அவர்கள் வகுத்துக் காட்டினர். நரம்பு வைத்தியரிடம் வரும் நோயாளி உண்மையில் நாடி வைத்தியருக்கு உரியவராக இருக்கலாம் என்பது அவ்வாராய்ச்சியின் உட்பொருள். அக்காலத்தில் அவ்வுண்மை ஏட்டளவிலேயே நின்றது. கண்டறிந்தாலும் செய்யத்தக்கது யாதொன்றும் இருக்கவில்லை.

செய்யத்தக்கது ஒன்று உண்டு என்பதை அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரத்துச் சத்திரவைத்தியர் மைக்கேல் டிபேக்கி காட்டினார். அவரும் அவருடைய சகாக்களான கூலியும் கிரீச்சும் பெருநாடிக் கிழிவுக்குச் செய்த சத்திரசிகிச்சைகளை 1955இல் வெளியிட்டனர். கிழிந்த பகுதியை அகற்றி, பிரிந்த படைகளை ஒன்றுசேர்த்துத் தைக்க முடியும் என்பது நிறுவப்பட்டது. 1965இல் புளோரிடாவைச் சேர்ந்த மைரன் வீற்றும் அவர் குழுவினரும் மற்றொரு வழியைக் காட்டினர். குருதியமுக்கத்தையும் இருதயம் குருதியைத் தள்ளும் விசையையும் மருந்தினாற் குறைத்தால் கிழிவு மேலும் பரவாது தடுக்கலாம் என்பது அவ்வழி. இன்றும் இவ்விரண்டுமே சிகிச்சையின் இரு தூண்கள். இருதயத்தருகே தொடங்கும் கிழிவுக்கு உடனடிச் சத்திரசிகிச்சை. கீழிறங்கும் பகுதியில் மட்டும் உள்ள கிழிவுக்குப் பெரும்பாலும் மருந்து.

டிபேக்கியின் வாழ்வில் விதி ஒரு விந்தையை நிகழ்த்தியது. 2005ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் திகதி, 97ஆவது வயதில், அவருக்கே பெருநாடிக் கிழிவு ஏற்பட்டது. கழுத்துக்கும் முதுகுக்கும் பாய்ந்த கொடிய வலியைக் கொண்டு அவரே நோயை ஊகித்தார். 2006இல் அவர் தம்முடைய துறை வளர்த்த சத்திரசிகிச்சையினாலேயே உயிர் பிழைத்து, 2008இல் 99ஆவது வயதில் மறைந்தார். நோயைத் தேடி அறிய வைத்தவை இரண்டு: வலி இருந்தது, அவ்வலியின் பொருளை அறிந்தவரிடம் அது தோன்றியது. இவ்விரண்டும் எல்லா நோயாளிக்கும் வாய்ப்பதில்லை.

மறுபுறத்தில் பாரிசவாத வைத்தியமும் வளர்ந்துகொண்டிருந்தது. ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய சீ.ரி. படக்கருவி 1971இல் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. மூளைக்குட் குருதி கசிந்துள்ளதா, அல்லது நாடி அடைபட்டுள்ளதா என்பதைத் தலையைத் திறவாமலே பிரித்தறிய அது வழிசெய்தது. 1995இல் அமெரிக்கத் தேசிய நரம்பு நோய் நிறுவனத்தின் ஆதரவில் 624 நோயாளரிடம் நடந்த ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தது. நாடியை அடைத்த குருதிக்கட்டியைக் கரைக்கும் அல்டெப்ளேஸ் என்னும் மருந்தை நோய் தொடங்கி 3 மணித்தியாலத்துக்குள் ஏற்றினால், ஊனமின்றித் தேறுவோர் தொகை கூடுகிறது என்பது அம்முடிவு. மூளைக்குட் குருதி கசியும் அபாயம் அம்மருந்தால் நூற்றுக்கு ஆறு பேருக்கு நேர்ந்ததும் அதே ஆராய்ச்சியில் தெரிந்தது. 1996இல் அமெரிக்க அரசு அம்மருந்துக்கு அனுமதி வழங்கியது. 2008இல் வெளியான ஐரோப்பிய ஆராய்ச்சி அந்த எல்லையை 4½ மணித்தியாலமாக நீட்டியது.

இதன்பின் பாரிசவாதம் நிமிடங்களால் அளக்கப்படும் நோயாயிற்று. பெரிய நாடி ஒன்று அடைபட்டால் ஒவ்வொரு நிமிடமும் ஏறக்குறைய 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன என 2006இல் ஓர் அமெரிக்க அறிஞர் கணக்கிட்டார். வைத்தியசாலைகள் இதற்கேற்பத் தம் ஒழுங்குகளை மாற்றின. நோயாளி வாயிலில் நுழைந்தவுடன் தலைப்படம் எடுக்கப்படும். குருதிக் கசிவு இல்லையென்று தெரிந்தால் மருந்து உடனே ஏற்றப்படும். இவ்விரைவினால் நடையும் பேச்சும் மீளப்பெற்றோர் உலகெங்கும் உள்ளனர். அதனைக் குறைகூறுவதற்கில்லை.

ஆனால் இவ்விரைவான பாதையிலே பெருநாடிக் கிழிவு மறைந்து வரக்கூடும். அதனால் மூளை வாடும்போது தலைப்படத்தில் குருதிக் கசிவு காணப்படாது. தொடக்கத்தில் படம் மாறுதலின்றியே இருக்கலாம். ஆகவே அந்நோயாளி மருந்துக்குத் தகுதியுடையவராகத் தோன்றுவார். மருந்து ஏற்றப்பட்டால் நேர்வது யாது? நாடியை நெருக்குவது பிளந்த சுவராதலால், கட்டியைக் கரைக்கும் மருந்து அந்நெருக்கத்தைத் தீர்க்காது. மாறாக, கிழிந்த சுவரில் கசிவை ஓரளவேனும் தடுத்து நின்ற உறைவை அது கரைத்துவிடும். குருதி இருதயப் பைக்குள்ளோ நெஞ்சறைக்குள்ளோ பெருகும். இரண்டாம் ஜோர்ஜ் மன்னரின் உடலில் நிக்கல்ஸ் கண்ட காட்சி மீண்டும் நிகழும். சத்திரசிகிச்சைக்குக் கொண்டுசெல்லினும், உறைதற்றன்மை இழந்த குருதியோடு கத்தி எடுப்பது பேராபத்தாகும்.

குருதியமுக்கத்திலும் இவ்விரு நோய்களும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. நாடி அடைபட்ட பாரிசவாதத்தில், கட்டி கரைக்கும் மருந்து கொடாதவிடத்து மேலமுக்கம் 220 வரையில் இருந்தாலும் பெரும்பாலும் பொறுத்திருப்பர். வாடும் மூளைக்குக் குருதி செல்ல அவ்வமுக்கம் துணைசெய்யும் என்பது கருத்து. பெருநாடிக் கிழிவிலோ மேலமுக்கத்தை 120க்குக் கீழே கொணர முயல்வர். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகும் இடம் வைத்தியத்தில் இவ்வளவு வெளிப்படையாக அமைவது அரிது.

இது வெறும் அச்சமன்று. அல்டெப்ளேஸ் மருந்து பாரிசவாதத்துக்கு 2005இல் அனுமதிக்கப்பட்ட யப்பானில், பெருநாடிக் கிழிவுடையோர்க்கு அது ஏற்றப்பட்டு மரணம் நேர்ந்த நிகழ்வுகள் வெளிவந்தன; வைத்தியர்களுக்கு எச்சரிக்கையும் விடுக்கப்பட்டது. பெருநாடி வளைவிற் கிழிவு உண்டென்று தெரிந்தாலோ ஐயுற்றாலோ இம்மருந்து தீங்கு விளைக்கக்கூடும் என அமெரிக்க இருதயச் சங்கம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது.

அங்ஙனமாயின் கற்றறிந்த வைத்தியரும் ஏமாறுவது எதனால்? நூல்கள் வருணிக்கும் பெருநாடிக் கிழிவு திடீரெனத் தோன்றி நெஞ்சையும் முதுகையும் பிளக்கும் வலியோடு வருவது. அவ்வலியே வைத்தியரை எழுப்பும் மணி. 1996இல் தொடங்கிய பன்னாட்டுப் பதிவேடு, 2004இல் 977 நோயாளரை ஆராய்ந்து, அவர்களுள் 63 பேருக்கு வலியே இருக்கவில்லை என அறிவித்தது. வலியற்ற அந்தச் சிறு கூட்டத்தில் பாரிசவாத அறிகுறியுடன் வந்தோர் மற்றையோரிலும் மிகுதி. ஜேர்மனியில் 102 நோயாளரை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரை, அவர்களுள் 30 பேரிடம் நரம்புக் கேட்டின் அறிகுறிகள் தொடக்கத்திலேயே காணப்பட்டன எனக் கூறியது. வலியற்றோரிற் பெரும்பாலோர் அக்கூட்டத்தினரே. நோய் எங்கு மூளையைத் தொடுகிறதோ, அங்கேயே அதன் எச்சரிக்கை மணியும் ஓய்ந்துவிடுகிறது.

இதற்குக் காரணமும் புலனாகிறது. மூளை பாதிக்கப்பட்டவர் பேச்சிழந்திருக்கலாம், உணர்வு மங்கியிருக்கலாம், மூளையின் வலப்பாதி கெட்டவர் தம் நோயையே உணராதிருக்கலாம். அத்தகையவரிடம் வலி இருந்ததா என்று வினவினால் மறுமொழி வராது. மறுமொழி வராத வினா, வலி இல்லை என்ற விடையாகவே பல வேளைகளில் ஏட்டில் எழுதப்பட்டுவிடுகிறது.

கையாற் பார்த்தறியும் அடையாளங்களும் முற்றிலும் நம்பத்தக்கவையல்ல. ஒரு கையில் நாடித்துடிப்புக் குன்றியிருப்பது சிறந்த அடையாளம்; ஏனெனில், கழுத்து நாடியை நெருக்கும் கிழிவு அதே கிளையிலிருந்து வலக்கைக்குச் செல்லும் நாடியையும் நெருக்கக்கூடும். ஆயினும், பன்னாட்டுப் பதிவேடு 2000ஆம் ஆண்டில் 464 நோயாளரைப் பற்றி வெளியிட்ட முதல் அறிக்கையில், துடிப்புக் குன்றியிருந்தோர் நூற்றுக்கு 15 பேரே. நூற்றுக்கு 12 பேரின் மார்பு எக்ஸ் கதிர்ப் படத்தில் எவ்வித மாறுதலும் காணப்படவில்லை. ஆகவே அடையாளம் இருப்பின் ஐயுறவேண்டும். இல்லாமை கொண்டு ஐயத்தை ஒழித்துவிட இயலாது.

இந்த இக்கட்டினின்றும் மீள வைத்தியர் கைக்கொள்ளும் முறைகள் சில உள. இரு கைகளிலும் குருதியமுக்கத்தை அளத்தல் முதலாவது. தமிழ் மருத்துவ மரபில் ஆணுக்கு வலக்கையிலும் பெண்ணுக்கு இடக்கையிலும் நாடி பார்ப்பது வழக்கம். இந்நோயிலோ ஒரு கையை மட்டும் பார்த்தல் போதாது, இரண்டையும் ஒப்பிடுதல் வேண்டும். பாரிசவாதத்தில் அமுக்கம் பெரும்பாலும் உயர்ந்தே இருக்கும். அது மிகத் தாழ்ந்திருப்பின் வைத்தியர் நின்று சிந்தித்தல் இரண்டாவது. மூன்றாவது, நோயாளி வீழ்ந்தபோது உடனிருந்தவரை வினவுதல். வீழுமுன் நெஞ்சைப் பிடித்தாரா, முதுகு வலிக்கிறதென்றாரா, வலி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பரவியதா என்னும் வினாக்களுக்கு மனைவியோ மகனோ அயலவரோ விடை தரக்கூடும்.

நான்காவது முறை படம் எடுத்தலிலே தங்கியுள்ளது. நாடியில் மருந்து செலுத்தி எடுக்கும் சீ.ரி. படத்தை மூளையோடும் கழுத்தோடும் நிறுத்தாது, பெருநாடி வளைவு வரை நீட்டினால் கிழிவு கண்ணுக்குத் தெரியும். அடைபட்ட பெரிய நாடியிலிருந்து கட்டியை நேரே அகற்றும் முறை 2015க்குப் பின்னர் பரவியதனால், வசதியுள்ள வைத்தியசாலைகளில் அத்தகைய படம் இன்று பலருக்கும் எடுக்கப்படுகிறது. இதனால் பெருநாடிக் கிழிவு காலத்தோடு வெளிப்படும் வாய்ப்புக் கூடியுள்ளது. தலைப்படம் மட்டும் எடுக்கக்கூடிய இடங்களிலோ, வைத்தியரின் விரல்களும் வினாக்களுமே முதற் காவல்.

இங்கே ஒரு மெய்யான இடர்ப்பாடு உண்டு. அதனை மறைத்தல் தகாது. பாரிசவாதத்துடன் வருவோருள் பெருநாடிக் கிழிவுடையோர் மிகச் சிலர். அந்தச் சிலரைக் காக்கும்பொருட்டு ஒவ்வொருவரையும் நெடுநேரம் ஆராய்ந்துகொண்டிருந்தால், எஞ்சிய பலரின் மூளை அந்நேரத்தில் அழிந்துபோகும். விரைந்தால் ஒரு சாரார்க்கு இழப்பு. தாமதித்தால் மறுசாரார்க்கு இழப்பு. இதனாலேயே மேலே கூறிய சோதனைகள் யாவும் இரண்டொரு நிமிடங்களுள் முடியத்தக்கனவாக அமைந்துள்ளன. இரு கைகளின் அமுக்கத்தை அளப்பதற்கும், உடன்வந்தவரிடம் மூன்று வினாக்கள் கேட்பதற்கும் மருந்தைத் தயாரிக்கும் நேரமே போதும்.

மூளை பாதிக்கப்பட்டவரைச் சத்திரசிகிச்சைக்கு எடுத்துச் செல்வது வீண் என்ற கருத்தும் ஒரு காலத்தில் நிலவியது. பின்னர் திரட்டப்பட்ட பதிவுகள் அதனைத் தளர்த்தின. பாரிசவாதத்துடன் வந்த பெருநாடிக் கிழிவு நோயாளரும், காலந்தாழ்த்தாது சத்திரசிகிச்சை பெற்றால், உயிர் பிழைப்பதோடு கைகால் வலுவையும் மீளப்பெறுவதுண்டு. எனவே சரியான நிதானம் தவறான மருந்தைத் தடுப்பதோடு அமையாது. சரியான சிகிச்சைக்கும் வாயிலைத் திறக்கிறது.

1658இல் வெப்ஃபர் நோயின் இருப்பிடத்தைத் தேடி மூளைக்குட் சென்றார். 1760இல் நிக்கல்ஸ் நெஞ்சைத் திறந்து பெருநாடியின் பிளவைக் கண்டார். 1844இல் ரொட் அவ்விரண்டையும் ஒரே நாடியினால் இணைத்தார். அம்மூவரும் தாம் தேடியதை இறந்தோரிடமே கண்டனர். அவர்கள் கண்டுபிடித்தது அந்நோயாளருக்குப் பயன்படவில்லை. இன்றைய வைத்தியரோ அதே தேடலை, மூச்சு உள்ளபோதே, மருந்துக் குழலைக் கையில் வைத்துக்கொண்டு, சில நிமிடங்களுட் செய்யவேண்டியவராக இருக்கிறார். ரொட் சென்ற வழியே அவருக்கும் வழி: மூளையில் தொடங்கி, கழுத்தினூடாக, நெஞ்சுவரை பார்த்து முடித்த பின்னரே நோய்க்குப் பெயர் எழுதுதல்.